எடக்கை வாத்தியார் வீடு

ஆமத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சவரியப்பன் வாத்தியார் வீடு எது என்று கேட்டால் ஊர் கொஞ்சம் யோசிக்கும். எடக்கை வாத்தியார் வீடு என்று கேட்டால் தெருவில் விளையாடுகிற பிள்ளைகூடக் கையை நீட்டிக் காட்டும். அந்தப் பட்டப்பெயரைக் கிரீடம் மாதிரிச் சுமந்த வீடு அது. வாத்தியாரின் மகள் ஜெயக்கொடியும் நாற்பத்தெட்டு வயது வரைக்கும் அப்படித்தான் சுமந்தாள். இப்போது யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் அவளுக்கு வாயில் புளித்த எச்சில் ஊறுகிறது.

பெயர் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐம்பதுகளில் சவரியப்பன் இளவட்டமாக அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சாரணர் படை ஆரம்பித்தார். காக்கி அரைக்கால் சட்டை, தொப்பி, கழுத்தில் முக்கோணமாக மடித்த மஞ்சள் துணி. சாரணர்கள் ஒருவருக்கொருவர் இடது கையைத்தான் கொடுத்துக் குலுக்குவார்கள். நெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கிற கை என்பது அதற்குச் சொல்லும் காரணம். வாத்தியார் புதுக் குஷியில் ஊர்ப் பெரியவர் ஒருவருக்கும் அதே கையை நீட்டிவிட்டார். கழுவுகிற கையை நம்மிடம் நீட்டுகிறானே என்று பெரியவர் வேட்டியை உதறிக்கொண்டு போனவர்தான், ஒரு வருஷம் இவரோடு பேச்சில்லை. அன்றிலிருந்து வாத்தியார் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். உறுதிமொழி எடுத்தவனுக்கு மட்டும் இடக்கை. மற்ற எல்லோருக்கும் வலக்கை.

அந்த வீட்டில் ஜெயக்கொடி பிறந்து வளர்ந்ததைச் சொன்னால் சிரிப்பார்கள். சாப்பாட்டுக்கு விசில், படிப்புக்கு விசில், படுப்பதற்கு விசில். துணி காயப்போடுகிற கொடிக்கயிற்றில்கூட வாத்தியார் படைக்குச் சொல்லிக் கொடுக்கிற முடிச்சைப் போட்டு வைப்பார். அவிழ்க்கத் தெரியாமல் அம்மா ஒருநாள் அரிவாள்மனையில் வைத்து அறுத்தே விட்டாள். காலையில் எழுந்ததும் கழுத்துத் துணியின் நுனியில் ஒரு முடிச்சு போட வேண்டும். யாருக்காவது ஒரு நல்ல காரியம் செய்த பிறகுதான் அதை அவிழ்க்கலாம். அடுத்த வீட்டுக்காரரின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் போதும், ஜெயக்கொடியும் அண்ணனும் முடிச்சு அவிழ வழி கிடைத்தது என்று அதன் பின்னால் ஓடுவார்கள். மாடு இன்னும் மிரண்டு ஓடும்.

வீட்டில் சண்டைக்கும் ஒரு முறை உண்டு. எவ்வளவு பெரிய சண்டையானாலும் யாராவது ஒருவர் வந்து இடக்கையை நீட்ட வேண்டும். நீட்டிய கையை அடுத்தவர் பிடித்தே ஆக வேண்டும். பிடித்தால் அத்தோடு முடிந்தது. பிறகு அதைப் பற்றிப் பேசக் கூடாது. அண்ணன் வெளியூர் போய் ஒதுங்கிவிட்டான். ஜெயக்கொடி ஆசிரியைப் பயிற்சி முடித்து, அப்பாவின் பள்ளிக்கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, பெண்பிள்ளைகளுக்குச் சாரணியர் படை ஆரம்பித்து அதற்குக் கேப்டனும் ஆனாள். அவள் கல்யாணத்தில் கோயில் வாசலில் இருபுறமும் பிள்ளைகள் நின்று மூங்கில் கோல்களை வளைவாகப் பிடிக்க, அதற்குள் குனிந்துதான் மாப்பிள்ளை வந்தார்.

மாப்பிள்ளை இருதயராஜ் விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாரணர் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. கல்யாணத்தன்று மாமனார் மகளுக்கு இடக்கையும் மருமகனுக்கு வலக்கையும் கொடுத்ததை அவர் இன்றுவரை மறக்கவில்லை. "இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான் வேத்தாளு. எனக்கு எம்புட்டு வருசமானாலும் வலக்கைதான்" என்று சோறு போடும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவார். வேற்றாளாக இருப்பதில்தான் நிம்மதி என்றும் சேர்த்துச் சொல்வார். அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை இருந்தது என்று ஜெயக்கொடிக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

மகன் ஜோபின் பிறந்தான். தாத்தா அவனை நடக்கத் தெரியுமுன் சல்யூட் அடிக்கப் பழக்கினார். பையனும் கெட்டிக்காரன்தான். கவர்னர் கையால் விருது வாங்கினான், டில்லிக்குப் போய் வந்தான். படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். பி.காம். முடித்ததும் பட்டாசுக் கம்பெனி முதலாளி ஊர்க்காவலனிடம் வேலைக்குச் சேர்ந்தான். ஊர்க்காவலனுக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் ஆலை, சிவகாசியில் ஆபீஸ். ஜோபினுக்கு வேலை, முதலாளியின் பெயர் நாலு இடத்தில் நல்லபடியாகப் பேசப்படும்படி பார்த்துக்கொள்வது. அதற்கு இங்கிலீஷில் ஒரு பதவிப்பெயர் வைத்திருந்தார்கள். தமிழில் சொல்வதானால் ஜால்ரா.

போனவன் சும்மா போகவில்லை. பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகரில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் படைப் பிள்ளைகள் போவது வழக்கம். அது சேவை, அதில் யாருக்கும் குறையில்லை. ஜோபின் அதிலிருந்து ஒரு பாதை கண்டுபிடித்தான். ஒரு முகூர்த்த நாளில் முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போன ஜெயக்கொடி, மண்டப வாசலில் தன் சாரணியர் படையே வரிசையாக நிற்பதைப் பார்த்தாள். வருகிற ஒவ்வொரு காருக்கும் ஒரு சல்யூட். ஒரு பிள்ளை கதவைத் திறக்க, ஒன்று குடை பிடிக்க, ஒன்று பன்னீர் தெளித்தது. மூன்று விரலை நெற்றியில் வைத்து, கொடிக்கு அடிக்க வேண்டிய சல்யூட்டைப் பனியன் கம்பெனிக்காரனுக்கும் பேப்பர் ஏஜெண்டுக்கும் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பந்தியில் உட்காரவே பிடிக்கவில்லை. இலையில் வைத்த பாயசத்தைத் தொடாமலே எழுந்து வந்தாள்.

"ஏலே, அது படையா, பந்தலுக்குக் கட்டுன வாழமரமா?" என்று வீட்டில் வந்து கத்தினாள்.

"யம்மா, முதலாளி வருசா வருசம் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் துணி எடுத்துக் குடுக்காரு. ஒரு நாள் நின்னா என்ன தேஞ்சா போயிரும்?" என்று சொல்லிவிட்டு ஜோபின் இடக்கையை நீட்டினான். அவள் பிடித்தாள். வீட்டு முறை.

அடுத்த வருஷம் கழுத்துத் துணிக்குக் கேடு வந்தது. சிவகாசியில் எதையும் அச்சடிப்பார்கள். ஜோபின் அதையும் அடித்துக்கொண்டு வந்தான். ஐம்பது வருஷமாக வெறும் மஞ்சளாக இருந்த துணியின் முதுகுப் பக்கம், ராக்கெட்டைக் கட்டிப்பிடித்துச் சிரிக்கிற ஒரு கரடி. ஊர்க்காவலன் கம்பெனியின் சின்னம். பிள்ளைகள் அணிவகுத்துப் போனால் முன்னால் இருந்து பார்க்கிறவனுக்குச் சாரணியர், பின்னால் இருந்து பார்க்கிறவனுக்குப் பட்டாசு விளம்பரம். ஜெயக்கொடி அந்தத் துணிக்கட்டைத் தூக்கித் தெருவில் எறியப் போனாள். தடுத்தது அவள் அப்பாதான்.

"கரடி என்ன பாவம் செஞ்சது ஜெயா? இந்த ஊர்ல யாரு இப்பல்லாம் நம்மளுக்கு உதவுறாக? ஒரு மண்டபம் கட்டித் தாரேன்னு சொல்லியிருக்காரு. சவரியப்பன் சாரணர் மண்டபம்."

தன் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் குழைந்ததை அவள் கேட்டாள். அப்பாவைப் பார்த்து அருவருப்பு வந்த முதல் நாள் அது. அந்த அருவருப்புக்காகத் தன்னையே நொந்துகொண்டு, ஜோபின் நீட்டிய இடக்கையை அன்றும் பிடித்தாள்.

அவள் படையில் பாண்டிச்செல்வி என்று ஒரு பிள்ளை, பத்தாம் வகுப்பு, ஓர் அணிக்குத் தலைவி. அப்பா முத்துக்கருப்பன், அம்மா மாரித்தாய், ஊர் ஆனைக்குட்டம். ஒரு காலத்தில் காட்டுவேலைக்குப் போனவர்கள். மழை பொய்த்துப் பொய்த்து, கடைசியில் ஊர்க்காவலன் ஆலைக்குப் போக ஆரம்பித்தார்கள். மாரித்தாய் மகளைக் கூப்பிட வரும்போது அலுமினியப் பொடி ஒட்டி வெள்ளி பூசிய மாதிரி இருக்கிற கையோடுதான் வருவாள். ஒருநாள் அவள் சொன்னதை நினைத்து ஜெயக்கொடி பலமுறை சிரித்திருக்கிறாள்.

"என்னத்த டீச்சர் சொல்லிக் குடுக்கீக? நேத்து எங்க அண்ணன் வந்திருக்காக, இவ போயி எடக்கைய நீட்டுதா. நான் முதுகுல ஒண்ணு வச்சேன். மாமன்காரன் கோவிச்சுக்கிட்டா நாளைக்கு யாரு வந்து இவளக் கட்டுவா?"

"அது எங்களுக்குள்ள குடுக்கிற கைம்மா. மாமாவுக்கு வலக்கைதான் குடுக்கணும். அவதான் மறந்துட்டா."

"ஆமா, கையில போயி என்ன சாதி இருக்கோ" என்று சொல்லி அவளும் சிரித்தாள்.

2007 தீபாவளி சீசனில், புரட்டாசி மாதத்து உச்சி வெயிலில், அந்த ஆலையில் வெடித்தது. நாலு பேர் உட்கார வேண்டிய அறை. ஆர்டர் நெருக்குகிறது, லோடு போயாக வேண்டும் என்று பன்னிரண்டு பேரை உட்கார வைத்திருந்தார்கள். நாலு பேராக இருந்திருந்தால் ஓடித் தப்பியிருக்கலாம். பன்னிரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். மாரித்தாய் வாசலுக்கு வரவேயில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய இருதயராஜ் இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. ஏன் என்று கேட்க ஜெயக்கொடிக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு நடந்ததைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. அந்தப் பொம்பளை அஜாக்கிரதையாக மருந்தைத் தட்டிவிட்டாள் என்று கம்பெனி சொன்னது. செத்தவள் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போகிறாளா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் பன்னிரண்டு பேரை நாலு பேருக்குள் மறைத்தார்கள். முத்துக்கருப்பன் மட்டும் மசியவில்லை. அறையில் எத்தனை பேர் என்று போலீசில் சொன்னான், கேட்டவரிடமெல்லாம் சொன்னான். முதலாளி ஊர் முன்னால் அதை ஒத்துக்கொள்ள வேண்டும், என் பொண்டாட்டி பேரைக் கெடுத்ததை வாபஸ் வாங்க வேண்டும் என்பதுதான் அவன் பிடிவாதம். கம்பெனி ஆட்கள் பழமும் பணமும் வைத்த தட்டோடு இரண்டு முறை வீட்டுக்குப் போனார்கள். இரண்டு முறையும் கதவைச் சாத்தினான். நாலு பேர் பார்க்க வாங்கிக்கொண்டால் சமாதானம் ஆன கணக்கு. பிறகு அவன் பேச்சு எடுபடாது. இது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

தீபாவளி முடிந்து, லோடெல்லாம் போய், முதலாளிகளுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தபோது ஜோபின் வீட்டுக்கு வந்தான். பள்ளி மைதானத்தில் பாதுகாப்பு விழிப்புணர்வு விழாவாம். ஊர்க்காவலனைச் சாரணர் சங்கத்துக்குப் புரவலர் ஆக்குகிறார்களாம். நாலு பேர் அறையில் பன்னிரண்டு பேரை அடைத்தவன் பாதுகாப்புக்குத் தலைவன். இதைக் கேட்டுச் சிரிப்பதா துப்புவதா என்று ஜெயக்கொடிக்குத் தெரியவில்லை.

"மாரித்தாய்க்காக மொதல்ல மௌன அஞ்சலிம்மா. பாண்டிச்செல்வி கொடிய எறக்குவா, படை சல்யூட் அடிக்கும். அவ அப்பாவும் வந்தாத்தான் மரியாதையா இருக்கும். நீங்க போய்க் கூப்பிட்டா வருவாரு."

"மேடைக்கு இழுத்துறக் கூடாது."

"சேச்சே. என்னம்மா நீங்க. சாரணர் வாக்கு" என்று மூன்று விரலைத் தூக்கினான்.

சாரணர் நம்பத் தகுந்தவர் என்பதுதான் அவர்கள் சட்டத்தில் முதல் வரி. அந்த வீட்டில் எழுத்துப் படிக்குமுன் எல்லோரும் படித்த வரி. அவள் நம்பினாள்.

ஆனைக்குட்டத்தில் முத்துக்கருப்பன் வீட்டுக்குப் போனபோது அவன் கூரையில் ஓலை செருகிக்கொண்டிருந்தான். இறங்கி வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"வாங்க டீச்சர். இருங்க. சாப்பிட்டீகளா?"

விஷயத்தைச் சொன்னாள்.

"டீச்சர், நான் படிக்காதவன். மேடைக்குக் கூப்பிட்டு எதையாவது கையில திணிச்சுருவாகளோன்னு பயமாருக்கு. அப்பறம் எம்பேச்சு அம்பலம் ஏறாது."

"கூப்பிட மாட்டாங்க முத்துக்கருப்பன். நான் பொறுப்பு."

"நீங்க சொன்னாச் சரி. வாரேன்" என்றான் அவன்.

விழா அன்று மைதானம் நிறைந்திருந்தது. ஆலைப் பஸ்ஸிலேயே கூட்டத்தை ஏற்றி வந்து இறக்கியிருந்தார்கள். மேடையில் நடுநாயகமாக ஊர்க்காவலன். தொந்திக்குமேல் புதுச் சாரணர் சீருடை வெடிக்கிற மாதிரி நின்றது. அவர் பக்கத்தில் எழுபத்தேழு வயதில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, மார்பு நிறையப் பதக்கங்களோடு, சவரியப்பன். கம்பெனியின் கரடி ஒன்று மேடைக்குப் பின்னால் பெரிய பேனரில் சிரித்துக்கொண்டிருந்தது. மௌன அஞ்சலிக்கு எல்லோரும் எழுந்தார்கள். அரை நிமிஷம் ஆகுமுன்னே ஜோபின் மைக்கைத் தட்டி நன்றி சொல்லிவிட்டான். ஒரு மனுஷிக்கு அவ்வளவுதான்.

அடுத்து உறுதிமொழி. சவரியப்பன் கழுத்துத் துணியைப் போட்டுவிட, ஊர்க்காவலன் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை, பிறருக்கு எப்போதும் உதவி. நடுவில் ஒரு வரியைத் தாண்டிவிட்டுத் திரும்பி வந்து படித்தார். ஒன்பது வயதில் ஜெயக்கொடி அதே வார்த்தைகளை இதே அப்பாவுக்கு முன்னால் சொன்னபோது இரவெல்லாம் தூங்கவில்லை, அதில் ஒரு சொல்லைக்கூட மீறிவிடக் கூடாதே என்ற பயம். அதே வார்த்தைகள் இப்போது அந்த வாயிலிருந்து வருவதைக் கேட்க அவளுக்கு உடம்பு கூசியது. தான் தினம் சாப்பிடுகிற தட்டில் யாரோ எச்சில் துப்பிய மாதிரி இருந்தது.

முடிந்தது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று அவள் நினைத்த நேரத்தில் மைக்கில் ஜோபினின் குரல் குழைந்தது.

"அடுத்ததாக, நம் புரவலர் அவர்களின் ஈர நெஞ்சத்துக்குச் சாட்சியாக, மறைந்த மாரித்தாயின் கணவர் முத்துக்கருப்பன் அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முத்துக்கருப்பன் எழவில்லை. தலையைத் திருப்பி ஜெயக்கொடியைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். நீங்களுமா டீச்சர் என்கிற பார்வை அது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலைக்குத் தன் மகன் தன்னையே கையாளாக்கியது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் வந்து, மரியாதையாகத் தாங்குகிற மாதிரி முத்துக்கருப்பனின் முழங்கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினார்கள். பாண்டிச்செல்வியையும் யாரோ கூடத் தள்ளிவிட்டார்கள். போட்டோக்காரன் மேடைக்குக் கீழே மண்டியிட்டுத் தயாரானான்.

அங்கேதான் ஊர்க்காவலன் அந்தக் காரியத்தைச் செய்தார். சாரணர் உடுப்பில் இருக்கும்போது கை கொடுப்பதெல்லாம் இடக்கையில்தான் என்று காலையில் ஜோபின் அவருக்குப் பாடம் நடத்தியிருந்தான். புதுச் சாரணர் பாடத்தைச் சிரத்தையாக மனதில் வாங்கியிருந்தார். பழமும் பட்டும் உறையும் வைத்த தட்டை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றி, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, செத்துப்போனவளின் புருஷனிடம் இடக்கையாலேயே நீட்டினார்.

பிச்சைக்காரனுக்குக்கூட இடக்கையால் போடாத ஊர் அது.

"எம்பொண்டாட்டி எரிஞ்சு செத்ததுக்கு எடக்கையாலயா குடுக்கீக?" என்றான் முத்துக்கருப்பன். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரைக்கும் கேட்டது.

ஊர்க்காவலனுக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டை நீட்டியபடியே ஜோபினைப் பார்த்தார். ஜோபின் பதறி மைக்கைப் பிடித்தான். "யாரும் தப்பா நெனைக்கக் கூடாது. எடக்கைங்கிறது நெஞ்சுக்குப் பக்கத்துல இருக்க கை. இது சாரணர் மரபு, பெரிய மரியாதை. எங்க அம்மா, கேப்டன், அம்பது வருச சாரணர் குடும்பம், அவங்களே சொல்லுவாங்க."

மைக்கை அவள் பக்கம் நீட்டினான். மேடையிலிருந்து சவரியப்பனும் குனிந்தார். "சொல்லு ஜெயா. மரியாதைதான்னு ஒரு வார்த்த சொல்லு. மண்டப விசயம் இருக்கு."

ஒரு வார்த்தைதான். அவள் ஆமாம் என்றால் முத்துக்கருப்பன் வாங்கித்தான் ஆக வேண்டும். டீச்சரே சொன்ன பிறகு மறுத்தால் அவன்தான் முரடன். படம் எடுத்துவிடுவார்கள். மாரித்தாய் அஜாக்கிரதைக்காரியாகவே செத்திருப்பாள். ஜெயக்கொடி மேடை ஏறி மைக்கை வாங்கினாள்.

"எடக்கை எங்க மரபுதான். உறுதிமொழி எடுத்தவங்க, உறுதிமொழி எடுத்தவங்களுக்குக் குடுக்கிற கை அது. முத்துக்கருப்பன் உறுதிமொழி எடுக்கல. அவருக்கு எடக்கைய நீட்டுனா அது அவமானந்தான். இவரும் எடுக்கல." ஊர்க்காவலனைத் திரும்பிப் பார்த்தாள். "இவரு வாசிச்சாரு, அம்புட்டுதான். நாலு பேரு அறையில பன்னெண்டு பேர உக்காரவச்சுட்டு, செத்தவ மேலயே பழியப் போட்ட ஆளு எந்தக் கையால குடுத்தாலும் அருவருப்புதான். முத்துக்கருப்பன், மேடைக்குக் கூப்பிட மாட்டாகன்னு நான் சொல்லித்தான் நீங்க வந்தீக. என் வாக்கு பொய்யாப் போச்சு. மன்னிச்சிருங்க. வாங்க, போவோம்."

மைக்கை வைத்துவிட்டு விசிலை ஊதினாள். படையே பின்னால் வரும் என்று நினைத்தாள். வந்தது நாலைந்து பிள்ளைகள். மற்றவர்கள் தலையைக் குனிந்து நின்றார்கள். அவர்கள் அம்மாக்களெல்லாம் எதிரே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். திங்கட்கிழமை அதே ஆலைக்குத்தான் போக வேண்டும். அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. பாண்டிச்செல்வி மட்டும் தன் கழுத்துத் துணியைக் கழற்றினாள். அப்போதும் பழக்கம் விடவில்லை. நுனியோடு நுனி சேர்த்து, சுருக்கம் இல்லாமல் சுருட்டி, ஊர்க்காவலன் கையிலிருந்த தட்டிலேயே கரடி மேலே தெரியும்படி வைத்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

பிறகு நடந்தது எதுவும் ஆச்சரியம் இல்லை. பள்ளி நிர்வாகம் ஜெயக்கொடியைக் கூப்பிட்டு, இனிமேல் படைக்கு வேறு டீச்சர் என்றது. இருபத்தைந்து வருஷம் கழுத்தில் தொங்கிய விசிலை மேஜைமேல் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். முத்துக்கருப்பன் வழக்கு நடக்கிறது, நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் மாரித்தாயின் அஜாக்கிரதை என்ற பேச்சு மட்டும் அந்தப் பக்கத்தில் நின்றுபோனது. டீக்கடையில் யாராவது அதை எடுத்தால், இடக்கையால் தட்டு நீட்டினானே அந்த முதலாளி சொன்னதா என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள்.

சவரியப்பன் மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஐம்பது வருஷம் கட்டியதை ஐந்து நிமிஷத்தில் இடித்துவிட்டாள் என்று பார்க்க வருகிறவர்களிடம் சொல்லி அழுதார். எதை இடித்தோம், செங்கல்கூட வைக்காத ஒரு மண்டபத்தையா என்று ஜெயக்கொடிக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். அந்த மனிதரின் பதக்கங்களைத் துடைத்து வைப்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் வீட்டில் இருந்தபோது ஜோபின் வந்தான். கையில் கறிப்பை, முகத்தில் ஒன்றுமே நடக்காத களை. முதலாளி ரொம்பப் பெருந்தன்மையானவர், அவன் வேலைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று தாத்தாவிடம் சொன்னான். தாத்தா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து முதுகைத் தடவினார். ஜெயக்கொடி அடுக்களையில் இருந்து பார்த்தாள். தான் பெற்று, தாலாட்டி, சட்டம் சொல்லிக் கொடுத்து வளர்த்த பிள்ளை. சாரணர் வாக்கு என்று மூன்று விரலைத் தூக்கித் தன் தாயையே தூண்டில் புழுவாக்கிய பிள்ளை. அதைப் பற்றி ஒரு சொல்லாவது சொல்வான் என்று காத்திருந்தாள்.

அவன் எழுந்து அடுக்களைக்கு வந்தான். "சரி விடுங்கம்மா, நடந்தது நடந்துபோச்சு" என்று சிரித்துக்கொண்டே இடக்கையை நீட்டினான்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த இருதயராஜ் நிமிர்ந்தார். சவரியப்பனும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். நீட்டிய கையைப் பிடித்தே ஆக வேண்டும். பிடித்தால் அத்தோடு முடிந்தது, பிறகு பேசக் கூடாது. அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அன்று மேடையில் நீண்ட தட்டுத்தான் தெரிந்தது.

ஜெயக்கொடி ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். வலக்கையை நீட்டினாள்.

"வாங்க தம்பி" என்றாள். "இருங்க. சாப்பிட்டீகளா?"